கயிற்றை அசைத்த கணம்: மன்னார் முத்துக்குளிப்பில் மூச்சும் உடலறிவும்

1905ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். இயல்பான நிலையில் மூச்சு விடத் தூண்டுவது உயிர்வளியின் குறைவன்று, உடலில் சேரும் கரியமிலவளியே என்பது அதன் முடிவு. அதே ஆண்டில் இலங்கையின் வடமேற்கே மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துச் சலாபத்துக்காக ஏறத்தாழ 5000 மூழ்குவோர் திரண்டிருந்தனர். ஆக்ஸ்போர்டு அளந்து சொன்ன அந்தத் தூண்டலை அவர்கள் நாள்தோறும் பலமுறை எதிர்கொண்டனர்.

மூழ்கும் முறை எளியது. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்தவாறு மூழ்குபவர் இறங்குவார். அராபியர் கொம்பாலான மூக்கிறுக்கியைப் பயன்படுத்தினர். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பெரும்பாலும் கையையே நம்பினர். கடலடியில் ஒரு நிமிடம் அளவுக்குச் சிப்பியைத் துழாவிக் கூடையில் இட்டபின் கயிறு அசையும். படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். அக்கயிற்றை மைத்துனரே பிடிக்க வேண்டும் என்ற வாய்மொழி வழக்கு முத்துக்குளித்துறைக்கு உரியது. தங்கையின் தாலி அவர் கையில் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

எப்போது கயிற்றை அசைப்பது? முழுத் தொழிலும் இந்த ஒரு முடிவில்தான் தங்கியிருந்தது. நெஞ்சுக்கூட்டின் இறுக்கம், உதரவிதானத்தின் முதல் துடிப்பு, அதன்பின் எஞ்சியிருக்கும் நேரம் ஆகியவற்றைக் கணிக்கக் கருவி எதுவும் இல்லை. முதல் தவிப்பிலேயே மேலேறியவருக்குச் சிப்பி கிட்டாது. அதைக் கடந்து நெடுநேரம் தங்கியவருக்கு உயிரே மிஞ்சாது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. மூழ்குமுன் விரைந்து பலமுறை மூச்சிழுத்தால் கரியமிலவளி குறைந்து தவிப்பு தாமதமாகும். ஆனால் உயிர்வளி முன்போலவே தீரும், எச்சரிக்கை எழுமுன்னரே நினைவு தப்பும். ஆகவே மூச்சை அடக்கும் ஆற்றல் மட்டும் போதாது. அடக்கப்பட்ட உடல் உள்ளிருந்து சொல்வதைக் கேட்கும் பழக்கமும் வேண்டும். இதனை அறிவு என்றே கொள்ள வேண்டும். வெறும் உடல்வலிமை என்று ஒதுக்குவது பிழை.

குடியேற்றக்கால ஆவணங்களோ அவ்வாறே ஒதுக்கின. ஹெர்ட்மனும் ஹார்னெலும் சிப்பிப் படுகைகளை வியத்தகு நுணுக்கத்துடன் ஆராய்ந்தவர்கள். படகுகள், சிப்பிகள், ஏலத்தொகை, மூழ்கிய நொடிகள் யாவும் அக்காலப் பதிவுகளில் உள. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ கூட இடம்பெறுகிறார் (விந்தைக்கு என்றும் வாசகர் உண்டு). மூழ்கியவர் தம் உடலை எவ்வாறு அறிந்தார் என்ற வினா மட்டும் எழவில்லை. இது மன்னாருக்கு மட்டும் உரிய மௌனமன்று. அந்தமான் நிக்கோபார்க் கடல்களில் 1930ஐ ஒட்டிச் சப்பானியர் தொடங்கிவைத்த துரோக்கஸ் சிப்பித் தொழிலிலும் கணக்கு சிப்பிக்கே இருந்தது.

யோகியரின் மூச்சு வேறு வரவேற்பைப் பெற்றது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முதலாகப் பிராணாயாமத்துக்கு நெடிய நூல்மரபு இருந்தமையால் அறிவியலும் அதனை ஒரு வினாவாக ஏற்றது. 1924இல் குவலயானந்தர் லோனாவ்லாவில் ஆய்வகம் அமைத்தார். 1961இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்தும் சகாக்களும் இராமானந்த யோகியைக் காற்றுப்புகாப் பெட்டியில் அமர்த்திச் செய்த சோதனைகளை வெளியிட்டனர். அவருடைய உயிர்வளிச் செலவு அடிப்படைத் தேவைக்கும் கீழே இறங்கியது பதிவானது.

நூல் இருந்த மூச்சு ஆய்வகம் புகுந்தது. கூலிக்கு அடக்கிய மூச்சு மீன்வளத் துறையின் கோப்போடு நின்றது. சாதியும் எழுத்தும் சேர்ந்து செய்த பகுப்பு இது எனக் கருத இடமுண்டு.

தூத்துக்குடியில் 1955இல் தொடங்கிய கடைசி முத்துச் சலாபத் தொடரும் அதே 1961இல் முடிவுற்றது. அதன்பின் மூழ்கியவர்கள் சங்குக்காக மூழ்கினார்கள்.