‘மார்மன்’ என்று கூப்பிடாதீங்க

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர் அட்டை போட்ட மார்மன் ஊழியர்கள் 1853-லேயே சென்னைக்கு வந்திருக்காங்க (அப்போ பெயர் அட்டை இல்லை!). ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் அங்கே ஆங்கிலத்தில் பத்திரிகை அச்சடித்தார். தமிழர் காதில் எப்படி ஏறும்? சேர்ந்தவர் சிலரே, மறு வருடமே கிளம்பிட்டார்.

பிறகு கத்துக்கிட்டாங்க. 2010-ல் ‘நான் ஒரு மார்மன்’ என்று சாதாரண ஆட்களே பேசும் விளம்பரம். 2018-ல் தலைவர் நெல்சன், அந்தப் பட்டப்பெயர் வேண்டாம், இயேசு கிறிஸ்துவின் பெயருள்ள முழுப்பெயரையே சொல்லுங்க என்றார். புதுக் கோயில் கட்டினால் சில நாள் எல்லாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிரதிஷ்டைக்குப் பின் தகுதிபெற்ற உறுப்பினர் மட்டும்தான்.

மலாக்கா பொய்யாத விநாயகர் கோயில் 1781-லிருந்து இருக்கு. சுற்றுப்பயணிகள் வந்து கேட்கும்போது நம்ம பிள்ளைங்க முழிக்கிறாங்க. டச்சுக்காரர் காலத்தில் செட்டிகள் கட்டியதுன்னாவது சொல்லத் தெரியணும் இல்லையா?