முகம் மங்கிய படம்

கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் சீவி வாழ்ந்த எம் பாட்டியார், வாழ்நாளில் இரண்டே முறை படமெடுக்கப்பட்டார். மலாயாவில் 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயது நிரம்பிய யாவரும் படத்தோடு கூடிய அடையாளச் சீட்டு வைத்திருக்க வேண்டுமென்ற விதி வந்தது. அதற்கென எடுத்த முதற்படம் சீட்டோடு தொலைந்தது. 1956-ல், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணியாயிருந்த எம் மாமா, மாலை மங்கிய வேளையில் லயத்துத் திண்ணையில் அவரை அமர்த்தி எடுத்தது இரண்டாவது. அதில் பாட்டியாரின் முகம் மங்கியிருக்கிறது. ஒரு முழம் பின்னேயுள்ள பலகைச் சுவரோ ஆணி முதற்கொண்டு தெளிந்திருக்கிறது.

கண்ணேறு என்றனர் சிலர். படமெடுத்தால் ஆயுள் குறையும், அதன் அறிகுறியே இது என்றனர் வேறு சிலர். பாட்டியார் அசைந்துவிட்டார் என்றார் மாமா. அன்று முதல் படமெடுக்க இசையாமலே பாட்டியார் மறைந்தார்.

அவர் அசைந்தது மெய்யாயின், அருகிலிருந்த வெற்றிலைப் பெட்டியும் மங்கியிருப்பானேன்? பெட்டி அசையுமோ? ஆராய்தற்கு உரியது மாமாவின் காமிராவே.

அது தூரமானி பொருத்திய காமிரா. தூரமானி முதலில் போர்க்கருவியாகவே வளர்ந்தது. 1888-ல் ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரௌட் என்னும் பேராசிரியர் இருவர் அதனை வகுக்க முற்பட்டனர். பிரிட்டிஷ் கடற்படை அதைக்கொண்டு எதிரிக் கப்பலின் தொலைவை அளந்தது. 1916-ல் கோடாக் நிறுவனம் அதனைக் காமிராவின் வில்லையோடு இணைத்தது. 1925-ல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் அவ்விணைப்பு இல்லை; 1932-ல் வந்த இரண்டாம் லைக்காவும் கான்டாக்ஸும் அதனைப் பெற்றன.

இதன் இயல்பு எளிது. இரண்டு சாளரங்கள் வழியே வரும் இரு பிம்பங்களை, உள்ளேயுள்ள கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் காட்டும். வில்லையின் வளையத்தைத் திருப்ப, உள்ளேயுள்ள நெம்புகோல் நகர்ந்து இரண்டையும் பொருத்தும். ஆயின், கண் காண்பது தூரமானியை. படம் பதிவதோ வில்லை வழியே. அடிபட்டோ, திருகு தளர்ந்தோ இவ்விரண்டும் வேறுபட்டால், பிம்பங்கள் பொருந்தியும் படம் பிழைக்கும்.

மாமாவின் காமிரா இன்று எம்மிடம் உள்ளது. வளையத்தை முடிவிலி வரை திருப்பி, பிரிக்பீல்ட்ஸ் மாடியொன்றிலிருந்து இரட்டைக் கோபுரத்தின் உச்சியை நோக்கினோம். பிம்பங்கள் இரண்டும் பொருந்தவேயில்லை. மேலும் திருப்ப வளையத்தில் இடமுமில்லை. பின்னர், அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டர் தொலைவில், திறப்பை முழுதும் விரித்துப் படமெடுத்தோம். குறித்த கோட்டுக்குப் பின்னுள்ள எண்களே தெளிந்தன.

பிசகு பிற்காலத்தது ஆகலாமே எனின், 1956-ஆம் ஆண்டின் அதே சுருளில் மாலையில் எடுத்த வேறு மூன்று படங்களிலும் பின்னுள்ள பொருளே தெளிந்திருக்கிறது.

மாமா இதனை அறியாததற்கும் காரணமுண்டு. 50 மில்லிமீட்டர் வில்லையில், இரண்டு மீட்டர் தொலைவில், திறப்பு எண் 2 ஆயின் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டரே. எண் 8 ஆயின் அது ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். நண்பகல் வெயிலில் திறப்பைச் சுருக்கி எடுத்த படங்களில் பிழை மறைந்தது. மாலையில் திறப்பை விரித்தபோது அது வெளிப்பட்டது.

பழைய காமிரா வைத்திருக்கும் அன்பர்கள், தொலைவிலும் அண்மையிலும் இவ்விரு சோதனைகளையும் செய்துவிட்டே பெரியோரைப் படமெடுக்க அமர்த்துக. தொலைவில் பொருந்துவது அண்மையிலும் பொருந்துமென நம்பிவிடலாகாது.

எம் வீட்டார் அன்று கோபுரமொன்றையோ நிலவையோ அக்காமிராவில் ஒருமுறை நோக்கியிருந்தால் போதும். காமிராவின் ஒரு திருகைச் சரிசெய்திருப்பார்கள். பாட்டியாரும் மறுநாள் மறுபடியும் திண்ணையில் அமர்ந்திருப்பார். கண்ணேறென்று கூறி ஆராயாது விட்டமையால், அவர் முகத்தை அறியாத பேரப்பிள்ளைகளானோம்.