ஒரு மூலக்கூறைப் பார்க்க எத்தனை நாடுகள் வேண்டும்?

எமதூர் ஹுன்னஸ்கிரியவில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியத்துறைதான் பெரும்பாலும் ஒரே இலக்கு. மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்ததென்று வீட்டாரும் எண்ணுகின்றனர். ஆனால் உயிரியல் பிரிவில் பௌதிகவியலும் ஒரு பாடம். அவ்விரண்டும் சந்திக்கும் துறையொன்றை இங்கு அறிமுகப்படுத்துகிறேன்.

அது தனிமூலக்கூறு உயிர்ப்பௌதிகவியல். பரிசோதனைக் குழாயில் நாம் வழமையாக அளப்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியை. இத்துறையோ ஒன்றே ஒன்றைப் பிடித்துப் பார்க்கிறது. பிடிப்பது ஒளியால். குவிக்கப்பட்ட லேசர் கதிரில் நுண்ணிய மணியொன்று சிக்கிக்கொள்ளும்; அதில் ஒட்டிய புரதம் நகர்ந்தால் மணியும் நகரும். கலத்துக்குள் சுமை இழுக்கும் கைனெசின் என்ற புரதம் ஓரடிக்கு 8 நனோமீற்றர் நகர்கிறது என்பது 1993இல் இவ்வாறே அளக்கப்பட்டது. இந்த ஒளி இடுக்கியைக் கண்டுபிடித்த ஆர்தர் அஷ்கினுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 96!

சிக்கல் செலவில். லேசர், அதிர்வு தாங்கும் மேசை, உணர்திறன் மிக்க கமரா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆள். சிறிய நாடு தனியே வாங்கினாலும் பயன்படுத்துவோர் போதாமல் தூசி படியும்.

பகிர்ந்துகொள்வது எப்படியென்று ஜோர்தான் காட்டியிருக்கிறது. அங்கு அல்லான் என்ற இடத்தில் 2017இல் திறக்கப்பட்ட செசமி ஆய்வுகூடம் வேறு வகைக் கருவி. புரதங்களின் அமைப்பு உள்ளிட்டவற்றை ஆராயும் ஒளிமூலம். ஜேர்மனி கொடுத்த பழைய இயந்திரத்திலிருந்து தொடங்கிய அத்திட்டத்தில் ஈரான், பாகிஸ்தான், துருக்கி, எகிப்து, பலஸ்தீன், சைப்பிரஸ் ஆகியவற்றுடன் இஸ்ரேலும் உறுப்பினர். அதை அரசியல் ரீதியாக விமர்சிப்போர் உண்டு; அது தனி விவாதம். தனித்து முடியாததை அந்நாடுகள் சேர்ந்து செய்தன என்பதே எனக்கு முக்கியம்.

எமது பிராந்தியத்தில் சார்க் நாடுகள் புதுடில்லியில் தென்னாசியப் பல்கலைக்கழகத்தை 2010இல் தொடங்கின. 2014 காத்மண்டுவுக்குப் பின் சார்க் உச்சிமாநாடே நடக்கவில்லை.

இத்தனைக்கும் கருவிகள் தூரத்தில் இல்லை. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழு ஒளி இடுக்கியால் இயங்கு புரதங்களை ஆராய்ந்தது. பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் தனிமூலக்கூறு ஆய்வு நடக்கிறது. கண்டியிலிருந்து பெங்களூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 700 கிலோமீற்றர்தான். எம்மிடம் பேராதனைப் பல்கலைக்கழகமும், 1981இல் உருவான ஹந்தானை தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் உள்ளன. இவை இரண்டும் பெங்களூருடன் உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு இரண்டு பட்டதாரிகளை ஆறு மாதம் அனுப்பினாலே போதும். அதற்கு உச்சிமாநாடு தேவையில்லை, விமானச் சீட்டும் தங்குமிடமும்தான் தேவை. அந்தச் செலவை எமது தனவந்தர்களும் ஏற்கலாம்.