அனாகிதா

பழம்பாரசீகர் நீருக்கு அதிதேவதையாக வணங்கிய பெண்தெய்வம். அவெஸ்தா நூலில் முழுப்பெயர் அரெத்வி சூரா அனாகிதா. ஈரமானவள், வலியவள், மாசற்றவள் என முறையே பொருள் கொள்வர். மூன்றும் அடைமொழிகளே. உள்ளே மறைந்த இயற்பெயர் வடமொழிச் சரசுவதிக்கு இணையான ஹரஹ்வதி என்பதே பொருந்தும். போர்க்குணம் பாபிலோனிய இஷ்தாரிடமிருந்து பின்னால் வந்து ஒட்டியது எனலாம்.

அவெஸ்தாவில் இவளைப் பாடும் ஐந்தாம் யஷ்துக்கு (துதிப்பாடலுக்கு) ஆபான் யஷ்த் என்று பெயர். ஆபான் என்றால் நீர். திருவானைக்கா அப்புலிங்கத்தில் உள்ள ‘அப்பு’வும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பாடலில் இவள் ஒரே சமயத்தில் ஆறும் பெண்ணும். ஹுகைர்ய மலையிலிருந்து வோருகஷக் கடலுக்கு இறங்குகிறாள். ஆயிரம் கால்வாய்கள், ஒவ்வொன்றையும் நல்ல குதிரைவீரன் சுற்றிவர நாற்பது நாள் ஆகும். தேரை இழுக்கும் நான்கு குதிரைகள் காற்று, மழை, மேகம், ஆலங்கட்டி. ஆணின் வித்தையும் பெண்ணின் கருப்பையையும் தூய்மை செய்து, தாய்க்குப் பால் சுரக்கவைப்பவளும் இவளே. நூறு விண்மீன் பதித்த பொன்முடி, காதில் பொற்குழை, இறுகக் கட்டிய இடைக்கச்சை, முப்பது பீவர் விலங்குகளின் தோலாலான மேலாடை. நான்கு குட்டி ஈன்ற பீவரின் தோல்தான் வெள்ளியும் பொன்னுமாய் மின்னும் என்ற நுணுக்கத்தையும் புலவர் விடவில்லை. பாலைநிலத்துக் கற்பனை அல்ல இது. குளிர்நாட்டு ஆற்றங்கரையில் பிறந்த பாட்டு.

நூறு குதிரை, ஆயிரம் எருது, பத்தாயிரம் ஆடு பலியிட்டு வீரர்கள் வரம் கேட்கிறார்கள். மூவாய் அரக்கன் அழி தஹாகனும் அதே படையலோடு வந்து நிற்கிறான். அவனுக்கு வரம் கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்தபின் ஊற்றும் படையலை இவள் ஏற்பதில்லை. அது பேய்களுக்குப் போய்விடும்.

அரச வழிபாட்டில் இவளை ஏற்றியவன் இரண்டாம் அர்தசஷ்தா (கி.மு. 404–358). சூசா, ஹமதான் கல்வெட்டுகளில் அகுர மஸ்தா, மித்ரன் ஆகியோருடன் இவளையும் காவலுக்கு அழைக்கிறான். பாபிலோன், சூசா, எக்பதானா முதலிய நகரங்களில் இவளுக்குச் சிலை வைத்தவனும் இவனே என்பது பெரோசஸ் தரும் செய்தி. அதுவரை உருவமின்றி வணங்கியவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஆர்மீனியாவில் இவள் அனாகித். அங்கிருந்த பொற்சிலையை ஆண்டனியின் படை சூறையாடியது. பிளினி சொல்லும் கதை: போலோஞாவில் முதிய படைவீரன் ஒருவன் பேரரசன் அகஸ்டசுக்கு விருந்து வைத்தான். அத்தெய்வத்தின்மேல் முதலில் கைவைத்தவன் குருடாகி முடங்கிச் செத்தானாமே, உண்மையா என்று அரசன் கேட்டான். “இப்போது தாங்கள் உண்பதே அவளுடைய காலிலிருந்துதான்; கைவைத்தவன் நானே” என்றானாம் கிழவன்.

சாசானிய மரபின் முன்னோன் சாசான், இஸ்தக்ர் நகரில் இவள் கோயிலைப் பேணியவன். நக்ஷ்-எ-ருஸ்தம் பாறைச் சிற்பத்தில் நர்சே மன்னன் (293–302) ஆட்சிவளையம் பெறுவது இவள் கையிலிருந்து என்றே கொள்வர். இஸ்லாம் பரவியபின், ரய் நகருக்கருகே உள்ள பீபி ஷஹர்பானுவின் தலத்தில் இவள் வழிபாடே தொடர்கிறது என 1967-இல் மேரி பாய்ஸ் எழுதினார்.

மங்கலம்பேட்டை, விருத்தாசலம் பக்கத்து ஏரிக்கரைகளில் மஞ்சள் பூசிய ஏழு கல்லாக நிற்கும் கன்னிமாரை அறிந்தவர்க்கு, நீரருகே ‘மாசற்றவள்’ என்பது புதிதாகத் தோன்றாது. ஆயினும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. கன்னிமார் எழுவர், இவள் ஒருத்தி.

இந்தியாவில் பார்சிகள் ஆபான் மாதத்து ஆபான் நாளில் இவளைத் தொழுகிறார்கள். மும்பை சர்ச்கேட் அருகே 1725-இல் தோண்டிய பீக்கா பெஹ்ராம் கிணறு இதற்குப் பேர்போனது. கடல் பக்கத்திலேயே இருந்தும் அதன் நீர் உப்புக் கரிப்பதில்லை.