பன்னிரண்டு முறை தட்டிய கதவு

அந்தக் காலத்து ரயில்வே ஆபீஸ் ஒன்றைக் கொஞ்சம் கற்பனை செய்து கொள்ளுங்கள். தலைக்கு மேலே கடகடவென்று மின்விசிறி. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஊழியரின் முன்னால் ஒரு படிவம். எதிரே நிற்கும் கிளார்க் அவசரப்படுத்துகிறார். 'பி.எஃப்.பா, பென்ஷனா? ஏதாவது ஒண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்!'

ஒரே ஒரு கையெழுத்து. ஆனால், அது மிச்ச வாழ்நாளுக்கான தலையெழுத்து!

இந்தக் கதை 1957-ல் தொடங்குகிறது. அதுவரை ரயில்வே ஊழியருக்கு பிராவிடண்ட் ஃபண்ட்தான். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள். ரயில்வேயும் தன் பங்கைப் போடும். ஓய்வு பெறும் நாளில் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். அத்தோடு சரி. 1957 நவம்பரில் ரயில்வே போர்டு பென்ஷன் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன். ஏற்கெனவே இருந்தவர்கள்? அவர்களுக்கு 'ஆப்ஷன்'. விரும்பினால் பென்ஷனுக்கு மாறலாம். பி.எஃப்.பில் ரயில்வே போட்ட பங்கை மட்டும் விட்டுக் கொடுக்க வேண்டும்.

பலர் மாறவில்லை. அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடாதீர்கள். அன்றைய பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற பென்ஷன் அல்ல. மொத்தப் பணம் வந்தால் மகள் கல்யாணத்தை முடிக்கலாம், ஒரு வீடு கட்டலாம். 'ரிடையர் ஆகி ரெண்டு வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டா பென்ஷன் யாருக்கு?' என்ற கணக்கும் இருந்தது. அந்தக் கணத்தில் அது நியாயமான கணக்குதான்.

ஆனால், காலம் சும்மா இருக்குமா? 1964-ல் புதிய குடும்பப் பென்ஷன் திட்டம் வந்தது. 1970-களில், மூன்றாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, விலைவாசி ஏறினால் பென்ஷனோடு நிவாரணமும் ஏறும் என்ற ஏற்பாடு வலுப்பட்டது. மெலிந்து கிடந்த பென்ஷன் சதை போட ஆரம்பித்தது. மொத்தமாக வாங்கிய பி.எஃப். பணமோ வருஷத்துக்கு வருஷம் இளைத்துக் கொண்டே போனது.

நிபந்தனைகள் மாற மாற ரயில்வே மறுபடி மறுபடி கதவைத் திறந்தது. 'இப்போதாவது மாறுகிறீர்களா?' என்று 1957-லிருந்து 1987 வரை மொத்தம் பன்னிரண்டு முறை கேட்டது! ஆனால், ஒவ்வொரு முறையும் ஒரு தேதி உண்டு. அதற்கு முன்பே ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கதவு கிடையாது.

கடைசியாக 1987 மே மாதத்தில் வந்த ஆப்ஷனில்தான் வேடிக்கை. 1986 ஜனவரி 1-ல் பணியில் இருந்த பி.எஃப்.காரர்கள் எல்லோரும் பென்ஷனுக்கு வந்துவிட்டதாகவே கருதப்படுவார்கள். பி.எஃப். தான் வேண்டும் என்பவர்கள் செப்டம்பர் 30-க்குள் எழுதித் தர வேண்டும். கவனித்தீர்களா? பேசாமல் இருந்தால் பென்ஷன். மௌனத்துக்கே அரசு ஓர் அர்த்தம் வைத்துவிட்டது!

பழைய தேதிகளில் வெளியேறியவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. 1982 டிசம்பர் 17-ல் நகாரா வழக்கில் ஒரு பெரிய தீர்ப்பு வந்திருந்தது. பென்ஷன் என்பது பிச்சை அல்ல, உழைப்புக்கு உரிய உரிமை. 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று பென்ஷன்காரர்களைப் பிரிக்கக் கூடாது என்றது அது. இன்றும் டிசம்பர் 17 ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 'அதே நியாயம் எங்களுக்கும் வேண்டாமா?' என்று கேட்டார்கள் பி.எஃப்.காரர்கள்.

1990 ஜூலையில், கிருஷ்ண குமார் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. வேண்டாம்! பென்ஷன் வாங்குகிறவரும் பி.எஃப். வாங்கியவரும் ஒரே வகுப்பு அல்ல. பென்ஷனில் அரசின் பொறுப்பு ஓய்வு பெற்ற நாளில் தொடங்குகிறது. பி.எஃப்.பில் அது அந்த நாளோடு முடிந்து விடுகிறது. கணக்கு முடிந்தது முடிந்ததுதான்.

பிறகு வந்தவை கருணைத் தொகைகள். 1986-க்கு முன் பி.எஃப்.போடு ஓய்வு பெற்று இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாதம் 150 ரூபாய் என்று 1988-ல் அறிவித்தார்கள். குறைந்தது இருபது வருஷம் உழைத்துவிட்டு உயிரோடு இருந்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய் வந்தது, 1997 நவம்பரிலிருந்து. கையெழுத்தைப் போட்டவர் அவர். விளைவைச் சுமந்தது பல வீடுகளில் அவர் மனைவி. படிவத்தை நிரப்பிய நாளில் அந்த அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

பழைய கதை என்று புரட்டி விடாதீர்கள். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவம் நீங்கலாக, சந்தையோடு ஏறி இறங்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்குள்ளேயே ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொரு கதவு திறந்தது. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் இருந்தால், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதி. ஜூன் 30-க்குள் சொல்லுங்கள் என்றார்கள். பிறகு செப்டம்பர் 30. பிறகு நவம்பர் 30. இந்த முறை மௌனம் என்றால் பழைய இடத்திலேயே இருப்பதாக அர்த்தம். உறுதிப் பென்ஷனைத் தேர்ந்தெடுத்தவர் மனம் மாறினால் ஒரே ஒரு முறை திரும்பிப் போகலாம். ஆனால், ஓய்வுக்கு ஒரு வருஷம் முன்பே முடிவெடுத்தாக வேண்டும்.

1957-ல் படிவம் நிரப்பியவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. அவர் அன்றைய விலைவாசியை வைத்து, தன் ஆயுளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டார். அதை இடையில் எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள். 'அதான் அப்பவே எழுதிக் கொடுத்தாச்சே' என்று இருந்துவிட்டவர்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள்.

உங்கள் மேஜைக்கு அப்படி ஒரு படிவம் வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? எனக்குப் பிறகு வீட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியை வீட்டில் உட்கார்ந்து, அவரிடமே கேளுங்கள்!