கோப்றாவைச் சுமந்த கார்

வேகக் கார்களின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைவலு, மணிக்கு எத்தனை மைல் என்பனவே அவர்தம் கணக்கு. ஆயின், ஒரு நாட்டின் எஞ்சினை மற்றொரு நாட்டின் காரிற் பொருத்திய முயற்சிகளை ஆராய்ந்து பார்த்தால், வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தது அவ்வெஞ்சினைத் தாங்குதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட காரே என்பது விளங்கும். ஒட்டு மாமரத்தின் கனியைப் புகழ்வோர் அதன் அடிக்கன்று யாதென்று வினவுவதில்லை. அந்த அடிக்கன்றைப் பற்றியே நேயர்களுக்கு இன்று சில கூற விரும்புகின்றேன்.

அமெரிக்காவிலே தெக்சாஸ் மாநிலத்து லீஸ்பேர்க் என்னும் சிற்றூரில் 1923 ஆம் ஆண்டு பிறந்தவர் கரோல் ஷெல்பி. கோழிப்பண்ணை வைத்து நட்டமடைந்து, பின்னர்க் கார்ப் பந்தயத்திற் புகுந்தவர். 1959 இல், பிரான்சின் லீ மான் நகரில் நடைபெறும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்திலே, றோய் சல்வடோரி என்பாருடன் அஸ்ரன் மாட்டின் காரை ஓட்டி முதலிடம் பெற்றார். மறு ஆண்டிலேயே இருதய நோய் அவரைப் பந்தயக் களத்தினின்றும் விலக்கியது. சொந்தமாகத் தொழிற்சாலை இல்லை. கையிற் பணமும் போதாது. இருந்தது ஓர் எண்ணமே. ஐரோப்பியர் செய்யும் இலேசான காரிலே, அமெரிக்கர் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளும் மலிவான எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினால் என்ன?

இவ்வெண்ணம் புதிதன்று. 1933 இலேயே இங்கிலாந்தின் றெயில்ற்றன் கார்கள் அமெரிக்க ஹட்சன் எஞ்சினைக் கொண்டு ஓடின. சிட்னி அலாட் என்பவர் தமது காரிலே கடிலாக் எஞ்சினை வைத்து, 1950 இல் லீ மான் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். ஷெல்பி தாமே அலாட் கார்களை ஓட்டிப் பழகியவர். நேர்ச்சாலையிற் பாயும் அவ்வண்டி, வளைவில் ஓட்டுநரை எத்துணை அச்சுறுத்தும் என்பதும் அவருக்குத் தெரியும். கனத்த வார்ப்பிரும்பு எஞ்சின் முன்னே இருக்க, அதன் கீழே நடுவிற் பிளந்த பழைய பாணி முன்னச்சு. வலிமை இருந்தது; அதனை அடக்கும் உடல் இல்லை.

இனி, தேம்ஸ் நதியோரத்துத் தேம்ஸ் டிற்றன் என்னும் ஊருக்கு வருவோம். அங்கே 1930 முதல் ஹேர்லொக் சகோதரர்கள் நடத்திவந்தது ஏ. சி. என்னும் சிறு கார்த் தொழிலகம். அவர்களது எஞ்சின் 1919 இல் வெளிவந்தது. நல்ல எஞ்சினாயினும் முதுமையெய்தியது. 1953 இல் அவர்கள் வெளியிட்ட ஏஸ் என்னும் காரோ புத்தம் புதியது. போர்த்துக்கலிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜோன் தொஜீரோ என்பவர் பந்தயத்துக்கென வகுத்த அமைப்பு அது. மூன்று அங்குல விட்டமுள்ள இரண்டு உருக்குக் குழாய்கள் ஏணிபோல் இணைக்கப்பட்டு அடிச்சட்டமாயின. அதன்மீது அலுமினியத் தகட்டுடல். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறியிறங்கத்தக்கதாக, முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வோர் இலைவில். இக்குறுக்குவில் முறையின் மூலத்தைத் தேடிச் சென்றால், கூப்பர் பந்தயக் கார்களின் வழியாக, பியற் என்னும் சின்னஞ்சிறு இத்தாலியக் காரிலே போய் நிற்போம். சுண்டெலி என்று இத்தாலியர் செல்லமாய் அழைத்த வண்டி அது!

1956 முதல் ஏஸ் காருக்குப் பிறிஸ்டல் கம்பனியின் எஞ்சினும் கிடைத்தது. அதுவும் போருக்கு முந்திய ஜேர்மன் பி. எம். டபிள்யூ. எஞ்சினின் வழித்தோன்றலே. 1961 இல் பிறிஸ்டல் அதனைச் செய்வதை நிறுத்தியது. நல்ல கார் வைத்திருந்தோர் எஞ்சினின்றித் தவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஷெல்பியின் கடிதம் வந்தது. எட்டுச் சிலிண்டர் எஞ்சினுக்கு ஏற்பக் காரை மாற்றித் தருவீர்களா என்று வினவியிருந்தார். தகுந்த எஞ்சின் கிடைக்குமாயின் தருவோம் என்று சாள்ஸ் ஹேர்லொக் மறுமொழி எழுதினார். வறியவர் இருவர் கூடிச் செய்த வணிகம் இது என்றால் மிகையாகாது.

எஞ்சினைப் போட் கம்பனி தந்தது. 1962 ஆம் ஆண்டுக் கார்களுக்கென அது புதிதாக வார்த்திருந்த எஞ்சின் 221 கன அங்குலக் கொள்ளளவுடையது; இரும்பேயாயினும் மெல்லிய சுவர்களாக வார்க்கப்பட்டமையால் ஏறத்தாழ 470 இறாத்தலே நிறை. விரைவில் 260 கன அங்குலமாகப் பெருத்தது.

ஏஸ் கார் இதற்குப் பொருந்தியமைக்குக் காரணங்கள் உள. அடிச்சட்டம் தனியாக இருந்தமையால், உடலைச் சிதைக்காமலே குழாய்களின் சுவரைத் தடிப்பாக்க முடிந்தது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் நீண்ட எஞ்சினுக்காக வகுத்த இடத்திலே, வி வடிவக் குட்டை எஞ்சின் பின்னுக்குத் தள்ளி அமர்ந்தது. முன்சக்கரங்களின்மேற் பாரம் ஏறவில்லை. முழுக் காரும் ஏறத்தாழ 2,000 இறாத்தலே நின்றது. என்றாலும் நேயர்கள் ஒன்றை மறத்தலாகாது. எஞ்சினை உள்ளே இறக்குவது இவ்வேலையின் எளிய பகுதி. பிறிஸ்டல் எஞ்சினின் 125 குதிரைவலுவைச் சுமந்த பாகங்களின்மீது இப்போது 260 குதிரைவலு ஏறிற்று. ஏ. சி. யின் வடிவமைப்பாளர் அலன் ரேணர் பின்னச்சுப் பல்லிணையை நீக்கி, வலிய சோல்ஸ்பரி பல்லிணையைப் பொருத்தினார். அகன்ற எஞ்சினுக்கு வழிவிடும்பொருட்டுச் சுக்கான் பெட்டியை வெளிப்புறமாக நகர்த்தினார். தேம்ஸ் டிற்றனிற் சோதித்த பின், எஞ்சினைக் கழற்றிவிட்டு, 1962 பெப்ரவரியில் கார் விமானமேறிற்று. லொஸ் ஏஞ்சலிஸுக்கு அண்மையில் ஷெல்பியின் ஆட்கள் எட்டு மணி நேரத்துக்குள் எஞ்சினைப் பூட்டி ஓட்டிவிட்டனர். இந்த எட்டு மணி நேரமே கதையாகிப் பரவியது. அதற்கு முன் சென்ற மாதங்களின் உழைப்பை எவர் பேசினர்?

இருந்த ஒரே காரை, பத்திரிகையாளர் ஒவ்வொருவருக்கும் வேறுவேறு நிறம் பூசிக் காட்டினார் ஷெல்பி. பல கார்கள் இருப்பதாக உலகம் நம்பிற்று. ஆசிரியன் என்ற முறையில் இத்தந்திரத்தைப் பாராட்டுதற்கில்லை. எனினும் சிரிக்காதிருக்கவும் இயலவில்லை.

1962 ஒக்ரோபரில் றிவர்சைட் பந்தயத்திலே கோப்றா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது பின்சக்கர அச்சுப்பகுதி முறிந்தது. மறைந்திருந்த பலவீனம் வெளிப்பட்ட இடம் அது. அதனை வலுப்படுத்தினர், 1963 இற் சுக்கானமைப்பையே மாற்றினர். 1965 இல் கோப்றா பெருங் கார்ப் பிரிவில் உலகச் சம்பியன் பட்டம் வென்றது. அதே ஆண்டு ஏழு லீற்றர் எஞ்சினை ஏற்ற விரும்பியபோது, பழைய அடிச்சட்டம் ஏலாதென்று கண்டு, நான்கங்குலக் குழாய்களும் சுருள்விற்களும் கொண்டு புதிதாகவே அமைக்க நேர்ந்தது.

தெரிவு இடறினால் என்னாகும் என்பதற்குச் சான்று சண்பீம் ரைகர். 1964 இல் அல்பைன் என்னும் சிறு காரில் அதே போட் எஞ்சினைத் திணித்தனர். இட நெருக்கடி எத்தகையதெனின், ஒரு தீப்பொறிச் செருகியைக் கழற்றுதற்கு ஓட்டுநர் அறையின் முன்சுவரிலே துளையிட வேண்டியதாயிற்று. கம்பனி கிறைஸ்லர் வசமானபின், தமது எஞ்சினையே வைக்க விரும்பினர் புதிய உடைமையாளர். அதன் மின்பங்கீட்டுப் பெட்டி பின்புறம் இருந்தமையால் அது உள்ளே இறங்கவில்லை. 1967 இல் ரைகர் நின்றது.

எம். ஜி. கம்பனியாரோ 1967 இல் தம் காரிலே மூன்று லீற்றர் இரும்பு எஞ்சினை வைத்து, முன்பாரத்தால் கெடுத்தனர். 1973 இல் அதே காரில் றோவரின் அலுமினிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வைத்தபோது, பழைய நான்கு சிலிண்டர் காரின் சமநிலை பெரிதும் குலையவில்லை, வலிமையோ மிகுந்தது.

ஏஸ் கார் 1963 இல் முடிவுற்றது. 1962 இல் விமானமேறிய அந்த முதற் கோப்றாவை ஷெல்பி தமது வாழ்நாள் முழுதும் விற்கவில்லை. அவர் 2012 இற் காலமானார். 2016 ஓகஸ்ற்றில் கலிபோணியாவின் மொன்ரறேயில் அது 13,750,000 டொலருக்கு ஏலம் போயிற்று. அதன் நீல வண்ணத்தின் கீழிருக்கும் அடிச்சட்டம் தேம்ஸ் டிற்றனில் இணைக்கப்பட்டது.