அடகு வைத்த காசில் ஒரு மடிக்கணினி: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

"அக்கா, சங்கிலிய அடகு வைச்சிட்டன். கையில எண்பத்தஞ்சு இருக்கு. எந்த லப்டொப் வாங்கலாம்?"

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். வீட்டிலிருந்தே தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. கணினி இருந்தால்தான் வேலை. வேலை நடந்தால்தான் சங்கிலியை மீட்கலாம். எண்பத்தையாயிரம் ரூபாய் சிலருக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். தாயின் கழுத்திலிருந்து கழற்றிய சங்கிலியின் காசு அது. ஒருமுறை பிழைத்தால் இரண்டாவது முறை வாங்க வழியில்லை.

நான் இருப்பது கண்டி மாவட்டத்தின் கெலிஓயாவில், பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில். அப்பா கம்பளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2009இல் எல்லாவற்றையும் இழந்து, மெனிக்பாம் முகாமில் இருந்து, பின்னர் கெலிஓயாவில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தோம். இப்போது எனக்குத் தொழில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும். இதுவரை இரண்டு மடிக்கணினிகள் வாங்கியிருக்கிறேன். முதலாவது பிழையான தெரிவு. அந்தப் பிழையை மற்றவர்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பளபளப்பை நம்பி ஏமாந்த கதை

2021இல் கண்டி நகரத்துக் கடையொன்றில் பெட்டி பிரிக்காத புதிய மடிக்கணினி வாங்கினேன். செலரோன் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம். ஆறு மாதத்துக்குள் விண்டோஸின் இற்றைப்படுத்தல்களே சேமிப்பகத்தை நிரப்பிவிட்டன. ஒரு சொற்கோப்பையும் இணைய உலாவியையும் சேர்த்துத் திறந்தால் அசையாது. நினைவகத்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். அது பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டது, மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வேறொன்று வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

குறைந்த விலையில் கிடைக்கும் புதிய கணினி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். அதே காசுக்கு நல்ல தரத்தில் பாவித்த கணினி கிடைக்கும்.

எந்த வகை நல்லது?

வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு வாங்கிய கணினிகளைச் சில வருடங்களில் கழித்துவிடும். அவை துப்புரவாக்கப்பட்டு நம் ஊர்க் கடைகளுக்கு வருகின்றன. லெனோவோவின் திங்க்பேட் டி480, டெல்லின் லட்டிட்யூட் 5490, எச்பியின் எலைட்புக் 840 ஜி5 ஆகியவை இந்த வகை. அலுவலக வேலைக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. இம்மூன்றிலும் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்று 8 ஜிபியோடு வாங்கி, கையில் காசு சேர்ந்ததும் 16 ஆக்கலாம்.

குறைந்தபட்சம் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் இருக்க வேண்டும். சுழலும் பழைய வன்தட்டு உள்ளதை வாங்க வேண்டாம்.

எட்டு என்ற இலக்கம்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் செயலியில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. மலிவுக்குக் காரணம் இதுதான்.

செயலியின் பெயரைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால், கோட்டுக்குப் பின் வரும் 8தான் தலைமுறை. ஐ5-7300யூ என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும், அது பதினோராம் தலைமுறை. மொடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். டி480இலேயே ஏழாம் தலைமுறைச் செயலியோடு வந்தவையும் உண்டு.

காசு அதற்கும் போதாவிட்டால் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாவிக்கலாம். அது இலவசம், பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் கிடைக்கும். ஆனால் வேலை தருபவர் கேட்கும் மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு மணித்தியாலம்

அவசரப்பட வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இருந்து பாருங்கள்.

1. பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் அதில் வரும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புதுப் பற்றரியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

2. உங்கள் கைப்பேசி இணையத்தோடு இணைத்து, விண்டோஸை முதலிலிருந்து அமைக்கச் சொல்லுங்கள். ஏதோவொரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் வந்து கடவுச்சொல் கேட்டால் அதை வாங்க வேண்டாம். பழைய உரிமையாளரின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை.

3. விசைகள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். கமெரா, ஒலிவாங்கி, வைஃபை, யூஎஸ்பி துளைகள், திரையின் மூலைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள்.

4. தண்ணீர் பட்டதா என்று பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோது எங்கள் பகுதியில் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. நனைந்து காய்ந்த கணினி சில வாரம் ஓடிவிட்டு நின்றுவிடக்கூடும். திருகாணிகளில் துரு, துளைகளுக்குள் சேறு, பச்சை படர்ந்த உலோகம், பழைய ஈர மணம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டது. நேரத்துக்கு வேலை கொடுக்க வேண்டியவர்களுக்கு, மேசைக் கணினியை விட மடிக்கணினி நல்லது என்பதற்கு இதுவே காரணம். டி480இல் உள்ளே ஒன்றும் வெளியே கழற்றக்கூடிய ஒன்றுமாக இரண்டு பற்றரிகள் இருக்கும். வெளிப் பற்றரியை நாமே மாற்றலாம். இணையத்துக்கு ரவுட்டர் பாவிப்பவர்கள் அதற்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

தமிழ் எழுத்து

நம்மவர்களில் பலர் பாமினியில் பழகியவர்கள். இன்று வெளியிலிருந்து வரும் வேலைகள் பெரும்பாலும் யூனிகோடில் கேட்கப்படுகின்றன. இதற்காகப் புதிதாகப் பழக வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில், பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோடில் எழுதலாம். கடையிலேயே நிறுவி ஒரு பந்தி தட்டச்சு செய்து பாருங்கள். விசைகள் விரலுக்குப் பிடிக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பற்றுச்சீட்டு

என் முதல் கணினிக்கு உத்தரவாதம் வாய்ச்சொல்லில்தான் இருந்தது. திரும்பப் போனபோது அந்தச் சொல்லும் இருக்கவில்லை. பற்றுச்சீட்டில் மொடல், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைத்து முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது

2009இல் அப்பாவின் காணிப் பத்திரம், என் பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள் இருந்த பையைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடினோம். பிறகு ஒவ்வொன்றின் பிரதிக்கும் எத்தனை கச்சேரிப் படிகள் ஏறினோம் என்பது இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கணினி வந்த அன்றே வீட்டிலுள்ள ஆவணங்களைப் படமெடுத்து அதில் சேமியுங்கள். ஒரு பிரதி இணையத்தில் இருக்கட்டும், இன்னொன்று பென்டிரைவில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். செய்யும் வேலைக்கும் அப்படியே.

அந்தத் தங்கை மூன்று கடைகள் ஏறி இறங்கினாள். முதல் கடையில் ஏழாம் தலைமுறை. இரண்டாவதில் பற்றரி அறிக்கை காட்ட மறுத்தார்கள். மூன்றாவதில் 78,000 ரூபாய்க்கு எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை எடுத்தாள், ஆறு மாத உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறது. மிச்சக் காசில் ரவுட்டருக்கு யூபிஎஸ் வாங்கினாளாம். சங்கிலி இன்னும் அடகில்தான். இந்த மாத வட்டியைத் தன் உழைப்பில் கட்டியதாக நேற்றுச் சொன்னாள்.